சூதின் வரவும் சமுதாயத்தின் செலவும்

உழைப்பின்றி வரும் செல்வத்தின் மீது மனித மனத்துக்கு என்றும் ஒரு மயக்கம் உண்டு. தனி மனிதன் ஒருவன் அம்மயக்கத்துக்கு ஆட்படின் அஃது அவனது குறை. அதற்கே ஓர் அரசு உரிமம் வழங்கி, இடம் ஒதுக்கி, வரி விதித்து வளர்க்குமாயின் அது நாட்டின் குறையாகிவிடுகிறது. சூதாட்டக் கூடங்களை எங்கே அனுமதிப்பது, எவ்வளவு அனுமதிப்பது, அனுமதிக்கத்தான் வேண்டுமா என்னும் வினா இன்று உலக அரசுகள் பலவற்றின் முன் நிற்கிறது.

கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களில் கசினோ எனப்படும் சூதாட்டக் கூடங்கள் இயங்குகின்றன. சிக்கிமிலும் சட்டப்படி அவற்றுக்கு இடம் உண்டு. அண்டை நாடாகிய இலங்கையின் கொழும்பு நகரில் 2025 ஆகஸ்டில் ஒரு பெருங்கூடம் திறக்கப்பட்டது. தமிழகத்தில் இத்தகைய கூடம் இல்லை. ஆயினும், "சுற்றுலா வளரும், வேலைவாய்ப்புப் பெருகும், அரசுக்கு வருவாய் குவியும்" என்னும் வாதம் என்றேனும் ஒருநாள் எந்த மாநிலத்தின் கதவையும் தட்டக்கூடும். கொடைக்கானல் மலையைத் தன்னகத்தே கொண்ட திண்டுக்கல் மாவட்டத்தாராகிய நாம் அவ்வாதத்தை முன்கூட்டியே எடைபோட்டு வைப்பது நன்று.

வள்ளுவர் தந்த இடம்

திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூது. அது எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தனி மனித ஒழுக்கம் பேசும் அறத்துப்பாலில் அன்று, அரசும் பொருளும் பேசும் பொருட்பாலில் வள்ளுவர் அதனை வைத்தார். சூது வெறும் பாவம் அன்று, அது நாட்டின் பொருளைத் தின்னும் நோய் என்பது அவ்வைப்பு முறையால் புலனாகும். அதற்கு முந்தைய அதிகாரம் கள்ளுண்ணாமை. அடுத்த அதிகாரம் மருந்து.

இவ்வரிசையை இன்றைய மருத்துவ உலகம் வேறொரு வழியில் வந்தடைந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் கட்டுக்கடங்காத சூதாட்டத்தை மனநோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் அதனை மது, போதைப் பொருள் ஆகியவற்றின் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றுள்ளது. கள்ளுக்கு அடுத்துச் சூதையும் சூதுக்கு அடுத்து மருந்தையும் வைத்த புலவரின் நுண்ணறிவு வியத்தற்குரியது.

இன்னொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இன்று பல்கலைக்கும் இயக்கத்துக்கும் நாம் சூட்டும் 'கழகம்' என்னும் சொல், அவ்வதிகாரத்தில் சூதாடும் இடத்தையே குறிக்கிறது. தனி மனிதன் உருட்டும் கவற்றை மட்டுமன்றி, பலர் கூடி ஆடும் இடத்தையும் வள்ளுவர் கண்டிக்கிறார். இடம் அமைந்தால் ஆட்டம் வளரும் என்பது அவர் அறிந்த உண்மை. சொற்களோ காலந்தோறும் இடம் மாறுகின்றன. அன்று கழகம் என்றனர். இன்று சீட்டாட்ட விடுதிக்கு 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டுகிறோம். அங்கிருந்து நள்ளிரவில் திரும்புவோரின் வீடுகளில் யாருடைய மனம் மகிழ்ந்திருக்கிறது என்பதை அவ்வில்லத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். நாட்டையும் தம்பியரையும் மனையாளையும் பணயம் வைத்த தருமனின் கதையும், அரசிழந்து கானகம் புகுந்த நளனின் கதையும் தமிழில் மீண்டும் மீண்டும் பாடப்பெற்றமைக்கு, ஒவ்வொரு தலைமுறையும் அக்கதையைத் தன் தெருவில் கண்டதே காரணம் எனலாம்.

மறை காட்டும் கணக்கு

திருக்குர்ஆன் மதுவையும் சூதையும் ஒருங்கே பேசுமிடத்தில் (அத்தியாயம் 2, வசனம் 219) ஒரு கணக்கினை முன்வைக்கிறது. அவற்றில் மக்களுக்குச் சில பயன்களும் உள, எனினும் அவற்றின் கேடு பயனை விடப் பெரிது என்பது அதன் கருத்து. பயனே இல்லை என்று அது மறுக்கவில்லை. பயனைத் தட்டில் வைத்து நிறுத்த பின்னரே தீர்ப்புச் சொல்கிறது. ஐந்தாம் அத்தியாயம் அச்செயலை அடியோடு விலக்கி, அதனால் விளையும் பகைமையையும் வெறுப்பையும் காரணமாகக் கூறுகிறது.

அப்பயன் யாது? அன்றைய அரபியர் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளால் குலுக்கல் முறையில் அதன் பங்குகளுக்குச் சூதாடினர் என்றும், வென்றவர் அவ்விறைச்சியை வறியவர்க்கு வழங்கிப் பெருமை கொண்டனர் என்றும் விரிவுரையாளர் விளக்குவர். ஏழைக்கு உணவு என்னும் அறத்தின் பெயரால் நடந்த சூது அது. அதனையும் மறை ஏற்கவில்லை. சூதின் வருவாயில் பள்ளிக்கூடம் கட்டலாம், மருத்துவமனை நடத்தலாம் என்று இன்று கூறுவோருக்கு இதில் விடை உண்டு.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பல சமயத்தார் வாழும் நாட்டில், "எம் மார்க்கம் விலக்கியது, ஆதலின் அரசும் விலக்குக" என்று மட்டும் நாம் வாதிடுதல் போதாது. மறை காட்டிய அந்த நிறுவையை எல்லாரும் காணும் வண்ணம் பொதுவெளியில் வைத்து, வரவையும் செலவையும் எண்ணிக் காட்டுதல் நம் கடன். மேலும், ஹராம் என ஒரு சொல்லில் முடித்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியை எட்டிப் பாராதிருத்தலும் அறமாகாது.

திண்டுக்கல் கண்ட பரிசுச் சீட்டு

செலவுக் கணக்கை எழுத நாம் கோவாவுக்குப் போக வேண்டியதில்லை. 1968-இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசின் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதன் முழக்கம். நல்ல நோக்கத்தோடு பிறந்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலப்போக்கில் பிற மாநிலச் சீட்டுகளும் தனியார் முகவர்களும் பெருகி, நாள்தோறும் குலுக்கல், மணிதோறும் முடிவு என்னும் நிலை வந்தது.

நம் இளமைக் காலத்தில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சீட்டுக் கடைகள் வரிசையாக நின்றன. சனிக்கிழமை மாலை பேகம்பூர்ப் பகுதித் தோல் தொழிலாளரும் வேடசந்தூர்ச் சாலை நூற்பாலைத் தொழிலாளரும் வாரக் கூலியோடு ஊருக்குள் வருவர். கூலியின் ஒரு பகுதி அரிசிக் கடைக்குப் போகுமுன் சீட்டுக் கடைக்குப் போகும். மறுநாள் அதே கடைகளின் முன் கிழித்தெறியப்பட்ட வண்ணத் தாள்கள் தரையை மூடிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி விளையாடிய சிறுவர்களுள் நாமும் ஒருவர். அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஒருவேளை உலை என்பது அப்போது நமக்குத் தெரியாது.

1999-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவை உண்டாக்கியது. தானே பரிசுச் சீட்டு நடத்தும் மாநிலம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்க இயலாது, தன் சீட்டை நிறுத்திய மாநிலமே பிறர் சீட்டையும் தடுக்கலாம் என்பது அதன் சாரம். தன் கை தூயதாயின் பிறர் கையைத் தட்டலாம் என்னும் எளிய அறமே அது. 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லாப் பரிசுச் சீட்டுகளையும் தடை செய்தது. அதே ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சூதும் கடனும் ஒரே வீட்டின் இரு வாயில்கள் ஆதலின், அவ்விரண்டும் ஓராண்டில் அடைக்கப்பட்டது பொருத்தமே.

அத்தடைக்கும் ஒரு விலை இருந்தது. சீட்டு விற்றுப் பிழைத்தோருள் கால் இழந்தோரும் கண் இழந்தோரும் பலர். சிவகாசி அச்சகங்கள் பலவும் வேலை இழந்தன. அவர்களுக்கு மாற்று வழி காட்டுவதில் நம் சமுதாயம் காட்டிய அக்கறை போதாது. தடை கோருவோர் இச்செலவையும் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கூடம் சூதாடுவதில்லை

கசினோவில் வருவோர் சூதாடுகின்றனர். கூடம் சூதாடுவதில்லை, அது கணக்குப் பார்க்கிறது. சுழல்வட்டு ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய முறை வட்டில் சுழியம் முதல் 36 வரை 37 குழிகள் உள. ஓர் எண்ணின் மீது 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த பணத்தோடு சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். ஆனால் வெல்லும் வாய்ப்போ 37-இல் ஒன்று. 37 முறை ஆடுபவன் 3,700 ரூபாய் வைத்துச் சராசரியாக 3,600 ரூபாய் பெறுகிறான். எஞ்சிய 100 ரூபாய் கூடத்துக்கு. அதாவது 100-க்கு ஏறத்தாழ 2 ரூபாய் 70 காசு.

இது சிறு தொகைதானே எனத் தோன்றும். ஆட்டக்காரன் ஒருமுறை ஆடி எழுவதில்லை. இரவு முழுதும் 200 சுற்று ஆடினால் அவன் வைத்த மொத்தத் தொகை 20,000 ரூபாய், சராசரி இழப்பு ஏறத்தாழ 540 ரூபாய். இடையே அவன் பலமுறை வெல்வான். அவ்வெற்றியே அவனை இருக்கையில் கட்டிப்போடும் கயிறு. ஒருவன் வென்று போகலாம், ஊர் வென்று போக முடியாது. ஊரின் இழப்பே கூடத்தின் வருவாய், அவ்வருவாயின் பங்கே அரசின் வரி. ஆக, அவ்வரியைச் செலுத்துபவன் கூடத்தின் உரிமையாளன் அல்லன், தோற்றவன். தோற்றவன் உள்ளூர்க் கூலியாயின் அவ்வரி அவன் பிள்ளையின் கல்விக் கட்டணத்திலிருந்து வந்தது. ஆதலின் "எங்கே கட்டுவது?" என்னும் வினாவின் உண்மைப் பொருள் "யார் தோற்பது?" என்பதே.

உலகம் கண்ட விடைகள்

இவ்வினாவுக்குப் பல நாடுகள் பலவாறு விடை தேடின. நேபாளம் கூடங்களை அனுமதித்துத் தன் குடிமக்கள் அதில் ஆடுவதைத் தடுத்தது. மலேசியாவின் கெந்திங் மலைக் கூடத்தில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. கோவா அரசும் 2020-இல் கோவா மக்கள் கூடங்களுள் ஆடுவதைத் தடை செய்தது. தன் மக்களுக்கு ஆகாது என்று ஓர் அரசே கருதும் ஒன்றை அயலார்க்கு விற்பது முறையா என்னும் வினா இங்கே எழாமல் இராது. கோவாவுக்குச் செல்லும் அயலாருள் நம் ஊர் இளைஞரும் உளர்.

சிங்கப்பூர் நெடுங்காலம் கசினோவை மறுத்து வந்தது. 2005-இல் மனம் மாறி, 2010-இல் இரு கூடங்களைத் திறந்தது. ஆனால் வெறுங்கையோடு திறக்கவில்லை. குடிமகனும் நிரந்தரவாசியும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுத் தீர்வை செலுத்த வேண்டும் என்று விதித்து, 2019-இல் அதனை 150 ஆக உயர்த்தியது. அரசின் உதவித்தொகை பெறுவோரும் நொடித்தோரும் உள்ளே நுழைய இயலாது. தந்தையைத் தடுக்குமாறு குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். போற்றத்தக்க ஏற்பாடுகள் இவை. ஆயினும் அத்தீர்வை அயல்நாட்டார்க்கு இல்லை. அங்கே கட்டுமானப் பணிக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளி அயல்நாட்டான் அல்லனோ?

தென்கொரியாவில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வறண்ட மலைப்பகுதி ஒன்றுக்கு வாழ்வளிக்க 2000-இல் ஒரு கூடம் திறக்கப்பட்டது. கொரியக் குடிமக்கள் ஆடுவதற்கு அனுமதி உள்ள ஒரே கூடம் அது. வேலையும் வந்தது, வரியும் வந்தது. கூடவே அதைச் சுற்றி அடகுக் கடைகளும் வந்தன. ஏறி வந்த வாகனத்தையே அடகு வைத்துவிட்டுத் திரும்பும் மனிதர்களை அவ்வூர் கண்டது.

இங்கிலாந்தின் கதை நமக்கு மிகவும் பயன்படத்தக்கது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு பெருங்கூடத்துக்கு இடம் தெரிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. கடற்கரைச் சுற்றுலா நகராகிய பிளாக்பூல் தெரிவாகும் எனப் பலர் எதிர்பார்த்தனர். 2007 ஜனவரியில் குழு மான்செஸ்டரைப் பரிந்துரைத்தது. சமுதாய விளைவுகளைச் சோதித்தறிய அதுவே ஏற்ற இடம் என்பது ஒரு காரணம். வறியவர் மிகுந்த பகுதியைச் சோதனைக் களமாக்குவதா என்னும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பிரபுக்கள் அவை 3 வாக்கு வேறுபாட்டில் அதனைத் தள்ளியது. பெருங்கூடம் எழவே இல்லை.

நம் நாட்டிலும் மகாராட்டிரம் 1976-இல் கசினோச் சட்டம் இயற்றியது. 47 ஆண்டுகள் அதனை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்து 2023-இல் நீக்கிவிட்டது. மும்பை போன்ற ஒரு பெருநகரம் கசினோ இன்றியும் செழிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சுவரில்லாக் கூடம்

இத்தனையும் சுவர் உள்ள கூடங்களைப் பற்றியவை. சுவரில்லாக் கூடம் ஒன்று நம் பைகளுக்குள் புகுந்ததை நாம் காலம் தாழ்ந்தே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாளில் வரவில்லை. தந்தை வெங்காயப் பேட்டையில் சுமை தூக்குபவர். தாய் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் போயிற்று. அழைத்துக் கேட்டபோது, "முதல்ல ஐந்நூறு ரூபா ஜெயிச்சேன் ஐயா, அதான்" என்று மட்டும் சொல்லித் தலை கவிழ்ந்தார். ஆசிரியர்கள் சேர்ந்து கட்டணத்தைச் செலுத்தினோம். அவர் தேர்ச்சியும் பெற்றார். தாயின் தோடு மீண்டதா என்று கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை. இலக்கிய வகுப்பில் நளன் கதையை உருக்கமாக நடத்திய நாம், எதிரே அமர்ந்திருந்த நளனை அறியாதிருந்தோம்.

இத்தகைய துயரங்களும் தற்கொலைகளும் பெருகியமையால் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே செல்லாதென்றது. பின்னர் நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022-இல் பேரவை நிறைவேற்றிய மசோதா ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமாயிற்று. ரம்மி திறமையின் ஆட்டம் என்னும் வாதத்தால் அதுவும் 2023 நவம்பரில் ஓரளவு தளர்ந்தது. இறுதியில் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் இயற்றியது.

திறமையா, வாய்ப்பா என்னும் வாதம் நீதிமன்றத்துக்கு உரியது. 1996-இல் குதிரைப் பந்தயமும் திறமையின் ஆட்டமெனத் தீர்ப்பாயிற்று. வீட்டுக்கு உரிய வினா வேறு: தோற்பவன் எழுந்து போக முடிகிறதா? அவன் எழாதிருக்கவே ஆட்டம் வடிவமைக்கப்பட்டிருப்பின், திறமை யாருடையது?

தடையால் தீருமா?

தடை விதித்தால் ஆட்டம் மறைவிடம் தேடும் என்பர். உண்மைதான். பரிசுச் சீட்டு ஒழிந்த பின்னும் மூன்று எண் சீட்டு மறைவில் விற்கப்படுகிறது, காவல்துறையினர் பிடிக்கின்றனர், மீண்டும் விற்கப்படுகிறது. குமுளி மலையைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டே கிடைக்கிறது. ஆயினும் மறைவில் ஆடுபவன் தேடிச் சென்று ஆடுகிறான். பேருந்து நிலையத்தில் விற்றபோதோ தேடாதவனையும் அது தேடி வந்தது. தொலைவு என்பது சிறு தடையே. மனம் தடுமாறும் மனிதனுக்கு அச்சிறு தடையே பல நேரங்களில் காப்பு.

ஆதலின், எந்த அரசேனும் சூதாட்டக் கூடத்துக்கு இடம் குறிக்க முற்படின், முன்னதாக இவ்வினாக்களுக்கு விடை கூறட்டும். அவ்விடத்தைச் சுற்றி வாழ்வோரின் வருவாய் என்ன? இழப்பில் எத்துணைப் பங்கு உள்ளூராருடையது? கடனால் உடையும் குடும்பங்களின் மருத்துவத்துக்கும் மீட்புக்கும் யார் செலவிடுவர்? வரும் வேலைகளால் அழியும் வேலைகள் எவை? குடும்பத்தார் தடுக்க விரும்பினால் தடுக்க வழி உண்டா? இவற்றுக்கு விடை சொன்ன பின்னரும் வரவு மிகும் என்று காட்ட எவராலும் இயலும் என நாம் நம்பவில்லை. 2025 செப்டம்பர் முதல் கசினோக்களுக்கு 40 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. வரியை உயர்த்துந்தோறும் அரசு அவ்வருவாய்க்குப் பழகிப்போகும். சூதுக்கு அடிமையான மனிதனை மருந்தால் மீட்கலாம். சூதின் வரிக்கு அடிமையான அரசை மீட்பது அரிது.

முடிவுரை

பூட்டுக்குப் பெயர் பெற்றது நம் ஊர். கள்வன் கையாலும் திறக்க முடியாத பூட்டைக் கைத்தொழிலால் செய்து காட்டியவர்கள் நம் முன்னோர். ஆனால் சூது வெளியிலிருந்து பூட்டை உடைத்து வருவதில்லை. வீட்டுக்குரியவனே சாவியைக் கொடுத்து அழைத்து வருகிறான். எனவே சட்டம் ஒரு பூட்டாயின், கல்வி இன்னொரு பூட்டு. குறளின் சூது அதிகாரத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தாமல், சுழல்வட்டின் கணக்கையும் சேர்த்து மாணவர்க்குக் கற்பிப்போம். ஜும்ஆ மேடையிலும் ஆலயத் திருவிழாவிலும் தேவாலய மன்றத்திலும் இது பேசப்படட்டும். தவறியவனைத் தள்ளாமல் தோள் கொடுத்து மீட்போம். கொடைக்கானலுக்குக் குறிஞ்சியும் குளிரும் போதும். திண்டுக்கல்லுக்கு உழைப்பும் அதன் கூலியும் போதும்.